அலையைத் தொடர்ந்து சென்ற அறிஞர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

குளத்தில் கல்லை எறிந்தால் அலை எழும். எழுந்த அலை வட்டமாய் விரிந்து, சிறுகச் சிறுகத் தாழ்ந்து, சற்று நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். இதைக் காணாதவர் எவரும் இலர். ஆனால் விரியாமலும் உடையாமலும் தன் வடிவம் மாறாமல் நெடுந்தொலைவு செல்லும் அலையும் உலகில் உண்டு. அதனை முதன்முதலில் கூர்ந்து கண்டு, குதிரையேறி அதன் பின்னே சென்று, அதன் இயல்பை ஆராய்ந்து எழுதியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் ஆவார். பெருங்கப்பல் கட்டியவர் என்றே அவர் காலத்து மக்கள் அவரைப் புகழ்ந்தனர். இன்று அந்தக் கப்பல் இல்லை. அவர் கண்ட சிறிய அலையே அவர் பெயரைக் காத்து நிற்கிறது. அவருடைய வரலாற்றையும், அந்த அலை நீரை விட்டு ஒளிக்குள் புகுந்த வியத்தகு கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ரஸ்ஸல் 1808-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் கிளாஸ்கோ நகரை அடுத்த பார்க்ஹெட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆசிரியராக இருந்து பின்னர் போதகர் ஆனவர். பெற்றோர் இட்ட பெயர் ஜான் ரஸ்ஸல் என்பதே. தம் அன்னையின் குடும்பப் பெயராகிய ஸ்காட் என்பதைப் பிற்காலத்தில் அவரே தம் பெயரின் நடுவில் சேர்த்துக்கொண்டார்.

இளமையிலேயே அறிவிற் சிறந்து விளங்கிய அவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1825-இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17. நம் அக்காமார் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் அவர் பட்டதாரி ஆகிவிட்டார்! பின்னர் எடின்பரோ நகருக்குச் சென்று கணக்கும் அறிவியலும் கற்பித்தார். 1832-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் சர் ஜான் லெஸ்லி காலமானார். நிலையான பேராசிரியர் வரும்வரை அவருடைய இடத்தில் பாடம் நடத்துமாறு 24 வயதே நிரம்பிய ரஸ்ஸலைக் கேட்டுக்கொண்டனர். அப்பணியை அவர் திறம்படச் செய்தார்.

துயர் தந்த ஆண்டு

படிப்போடு நின்றுவிடாமல் இயந்திரங்களிலும் அவர் மனத்தைச் செலுத்தினார். அந்நாளில் நீராவி வண்டி பெரும் புதுமை. சாலையில் ஓடும் நீராவி வண்டிகளை ரஸ்ஸல் வடிவமைத்தார். அவை 1834-இல் கிளாஸ்கோவுக்கும் பெய்ஸ்லி நகருக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்றன. ஆனால் அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு வண்டி வழியில் விபத்துக்குள்ளாகி, அதன் கொதிகலன் வெடித்தது. பயணிகள் சிலர் உயிரிழந்தனர். வண்டிப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. இளைஞரான ரஸ்ஸலுக்கு இது பெரிய அடி. ஆயினும் அடுத்த மாதமே அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த நாள் அவருக்காகக் காத்திருந்தது.

கால்வாய்க் கரையில்

எடின்பரோவையும் ஃபால்கிர்க்கையும் இணைக்கும் யூனியன் கால்வாய் 1822-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 31 மைல். கரையில் குதிரைகள் நடக்க, அவற்றோடு கயிற்றால் பிணைத்த படகுகள் நீரில் செல்லும். அக்கால்வாயில் படகுகளை இன்னும் விரைவாகச் செலுத்த வழி உண்டா என்று ஆராயும் பணி ரஸ்ஸலுக்குக் கிடைத்தது.

1834 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். இடம் எடின்பரோவுக்கு அருகில் உள்ள ஹெர்மிஸ்டன். இரண்டு குதிரைகள் ஒரு படகை விரைவாக இழுத்துச் சென்றன. ரஸ்ஸல் குதிரைமீது அமர்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று படகு நின்றது. ஆனால் படகு தள்ளிக்கொண்டு வந்த நீர் நிற்கவில்லை! படகின் முகப்பில் குழம்பித் திரண்ட அந்நீர், வழவழப்பான ஒரே மேடாக உருண்டு திரண்டு, படகை விட்டுப் பிரிந்து கால்வாயில் தனியே முன்னோக்கிச் சென்றது.

வேறொருவராயின் படகு ஏன் நின்றது என்று பார்த்திருப்பார். ரஸ்ஸலோ படகை விட்டுவிட்டுக் குதிரையைத் தட்டி அலையின் பின்னே சென்றார். அலையின் நீளம் சுமார் 30 அடி. உயரம் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை. வேகம் மணிக்கு 8 அல்லது 9 மைல். ஒரு மைல், இரண்டு மைல் சென்றும் அதன் வடிவம் கெடவில்லை. உயரம் மட்டும் மெல்லக் குறைந்தது. கடைசியில் கால்வாயின் வளைவுகளுக்குள் அது அவர் கண்ணிலிருந்து மறைந்தது. பிற்காலத்தில் அந்த நாளையே தம் வாழ்வின் இன்பமான நாளாக அவர் எண்ணி மகிழ்ந்தார்.

தொட்டியில் ஆராய்ச்சி

கண்டதைச் சொல்லி மகிழ்வதோடு ரஸ்ஸல் அமையவில்லை. நீண்ட தொட்டி ஒன்றை அமைத்து, அதன் ஒரு முனையில் பலகைத் தடுப்பைத் திறந்து தேக்கிய நீரை விடுத்தும், எடைகளை நீருள் இறக்கியும், அதே அலையைத் தம் விருப்பப்படி மீண்டும் மீண்டும் உண்டாக்கினார். கால்வாயில் தற்செயலாக வந்த அலை அவர் கட்டளைக்கு வந்தது எனலாம்.

அவர் கண்ட உண்மைகள் மூன்று. முதலாவது, உயரமான அலை வேகமாகச் செல்லும். தாழ்ந்த அலை மெதுவாகச் செல்லும். இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய நீரைத் தள்ளினால் ஒரே பெரிய அலை உண்டாகாமல், பெரிதும் சிறிதுமாய் இரண்டு அலைகளாகப் பிரிந்துவிடும். மூன்றாவது, இரண்டு அலைகள் ஒன்றையொன்று கடந்து சென்றாலும், சந்தித்ததற்கு அடையாளமே இல்லாமல் பழைய வடிவத்தோடு வெளிவரும்.

வேகத்துக்கு அவர் கண்ட விதி மிக எளிது. நீரின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் கூட்டி, அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். தோழியரே, இதை நாமே செய்து பார்க்கலாம். ஆழமும் உயரமும் சேர்ந்து 5 அடி என்று கொள்வோம். முடுக்கம் 32. பெருக்கினால் 160. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12.6. அதாவது நொடிக்கு 12.6 அடி, மணிக்கு ஏறத்தாழ 8.6 மைல். ரஸ்ஸல் குதிரைமேல் இருந்து கண்ட வேகமும் இதுவே அன்றோ!

அறிஞர்களின் ஐயம்

இந்த ஆராய்ச்சிகளை ரஸ்ஸல் 1844-இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முன் அறிக்கையாக வைத்தார். ஆனால் அக்காலத்துப் பெரும் கணித அறிஞர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அரசு வானியலார் ஜார்ஜ் ஏரி, தம் கணக்கின்படி அத்தகைய அலை வடிவம் மாறாமல் செல்ல முடியாது என்று கருதினார். ஸ்டோக்ஸ் என்னும் பேரறிஞரும் ஐயுற்றார்.

அவர்கள் ஐயுற்றதற்குக் காரணம் இருந்தது. ஓர் அலைக்குள் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, அலையின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் ஓடி அலையைப் பரப்பிவிடும். விளையாட்டு விழாவில் ஒரே கோட்டில் நின்று புறப்படும் மாணவியர் ஓட ஓடச் சிதறிப்போவது போன்றது இது. மற்றொன்று, உயரமான பகுதி வேகமாக ஓடுவதால் அலை முன்புறம் செங்குத்தாகிக் கடைசியில் கவிழ்ந்துவிடும். கடற்கரையில் அலை உடைவதை நாம் பார்த்திருக்கிறோம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கணக்கில் கொண்டால் அலை அழிந்தே தீரும். ஆனால் ஒன்று பரப்ப, மற்றொன்று குவிக்க, இரண்டும் சமமாக நின்றால் அலை பிழைக்கும். இந்தச் சமநிலையை அன்றைய கணக்குகள் பிடிக்கவில்லை. தொட்டி சொன்ன உண்மையைத் தாளால் இன்னும் சொல்ல முடியவில்லை.

ரஸ்ஸல் தம் கண்டுபிடிப்பைக் கைவிடவில்லை. 1871-இல் பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்கும், 1876-இல் ராலே பிரபுவும் கணக்கிட்டு, அத்தகைய அலை இருக்க முடியும் என்று காட்டினர். கால்வாயில் அலையைக் கண்டு நாற்பது ஆண்டுகள் சென்றபின் கிடைத்த நீதி அது.

பெரிய கப்பல்

இதற்கிடையில் ரஸ்ஸல் கப்பல் கட்டும் கலையில் பெயர் பெற்றார். நீரைக் கிழித்துச் செல்லும் கப்பலின் முகப்பை அலையின் வளைவுக்கேற்ப அமைத்தால் நீரின் தடை குறையும் என்பது அவர் கொள்கை. அதற்காக எடின்பரோ அரச கழகம் 1837-இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 1844-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1851-இல் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சிக்கு உழைத்த செயலாளர்களுள் அவரும் ஒருவர்.

பின்னர் வந்தது அவர் வாழ்வின் பெருஞ்சோதனை. இசம்பார்ட் புரூனெல் என்னும் புகழ்மிக்க பொறியாளர், அதுவரை உலகம் காணாத பெருங்கப்பல் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார். அதுவே கிரேட் ஈஸ்டர்ன். நீளம் 692 அடி. 4,000 பயணிகள் செல்லத்தக்கது. அதைக் கட்டித் தரும் பொறுப்பை ரஸ்ஸல் ஏற்றார். 1854-இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் வேலை தொடங்கியது.

நீரின் கணக்கை நன்கறிந்த ரஸ்ஸலுக்குப் பணத்தின் கணக்கு கைவரவில்லை. ஒப்புக்கொண்ட தொகை போதவில்லை. 1856-இல் கடன்காரர்களுக்குத் தர வழியின்றி அவருடைய தொழில் முடங்கியது. புரூனெலுக்கும் அவருக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. 1857 நவம்பரில் கப்பலை நீரில் இறக்க முயன்றபோது அது நகர மறுத்தது. 1858 ஜனவரி 31-இல்தான் மிதந்தது. 1859 செப்டம்பரில் சோதனைப் பயணத்தின்போது வெடிவிபத்து நேர்ந்தது. சில நாட்களில் புரூனெலும் காலமானார். ஆக்கியோர் இருவரையும் அந்தக் கப்பல் வாட்டிவிட்டது.

பயணிகள் கப்பலாக அது பொருள் ஈட்டவில்லை. ஆனால் 1866-இல் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பியை இட்டது. 1870-இல் நம் நாட்டுப் பம்பாய்த் துறையிலிருந்து ஏடன் வரை கம்பி இட்டதும் இதே கப்பல்தான். இறுதியில் 1889-இல் அதை உடைக்கத் தொடங்கினர்.

மறைவு

ரஸ்ஸலின் உழைப்பு ஓயவில்லை. 1873-இல் வியன்னா கண்காட்சிக்காக அவர் வடிவமைத்த வட்டக் கூடத்தின் குவிமாடம் அக்காலத்தில் உலகிலேயே பெரியது. தொழிற்கல்வி மக்கள் அனைவர்க்கும் வேண்டும் என்று வற்புறுத்தி நூல் எழுதினார். 1882 ஜூன் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவில் தமது 74-ஆம் வயதில் மறைந்தார்.

அலையைப் பற்றிய அவருடைய நூல் அவர் மறைவுக்குப்பின் 1885-இல் வெளிவந்தது. நீர், காற்று, ஈதர் ஆகிய மூன்றிலும் தம் அலையை அவர் அதில் தேடினார். ஒளி செல்வதற்கு ஈதர் என்றொரு பொருள் உண்டென்று அந்நாளில் நம்பினர். அப்படியொரு பொருள் இல்லை என்று பிற்கால அறிவியல் தெளிந்தது. ஆனால் ஒளியிலும் தனியலை இருக்கலாம் என்ற எண்ணம் பொய்க்கவில்லை.

அலை மீண்டும் வந்தது

1895-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் கோர்ட்டவேக்கும் டி வ்ரீசும் இவ்வலைக்குரிய சமன்பாட்டை எழுதினர். பின்னர் நெடுங்காலம் உலகம் அதை மறந்திருந்தது. 1950-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்போர் கணினியில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எதிர்பாராத விடை வந்தது. அந்தக் கணக்கைக் கணினிக்கு எழுதித் தந்தவர் மேரி சிங்கூ என்னும் பெண்மணி. அவருடைய பங்கு பல ஆண்டுகள் பேசப்படாமலே இருந்தது. அந்தப் புதிரை ஆராய்ந்த சபுஸ்கியும் குருஸ்கலும் 1965-இல் ரஸ்ஸலின் அலையை மீண்டும் கண்டனர். மோதினாலும் சிதையாமல் துகள்போல் நடந்துகொள்ளும் அதற்குச் சாலிட்டான் என்று பெயரிட்டனர்.

ஒளியின் கால்வாய்

முப்பட்டகத்தில் வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவதை நாம் ஆய்வகத்தில் காண்கிறோம். கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் செல்வதே அதற்குக் காரணம். ஆகவே கண்ணாடி இழைக்குள் செல்லும் சிறு ஒளித்துடிப்பும் போகப் போகப் பரவிவிடும். ஆனால் ஒளி மிக வலிமையாக இருந்தால் அதுவே கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைச் சற்று உயர்த்துகிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் கெர் 1875-இல் மின்புலத்தைக் கொண்டு கண்ணாடியில் கண்ட விளைவின் வழியே வந்த உண்மை இது. பரப்பும் போக்கும் குவிக்கும் போக்கும் இங்கும் சமமானால் ஒளித் தனியலை பிறக்கும். 1973-இல் ஹாசிகாவாவும் டாப்பர்ட்டும் இதனைக் கணக்கிட்டுக் கூறினர். 1980-இல் மோலினவரும் அவர் தோழர்களும் பெல் ஆய்வகத்தில் செய்து காட்டினர்.

இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கால்வாயில் ரஸ்ஸலின் அலை உராய்வினால் ஆற்றல் இழந்து தாழ்ந்தது. கால்வாயை வட்டமாக வளைத்து, இழந்த ஆற்றலை ஒவ்வொரு சுற்றிலும் ஊட்டினால் அலை ஓயாமல் ஓடும் அல்லவா? அதைத்தான் ஒளிக்குச் செய்தனர். ஒளி சுற்றிவரத்தக்க மிகச் சிறிய வளையத்துக்குள் லேசர் ஒளியை இடைவிடாமல் செலுத்தினர். 2007-இல் ஜெர்மனியின் கார்ஹிங் நகரில் இத்தகைய வளையத்திலிருந்து பல நிறங்கள் பிறப்பதைக் கண்டனர். 2014-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மக்னீசியம் புளோரைடு படிகத்தில் ஒளித் தனியலை ஓடுவதைக் காட்டினர்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு வெளியே வருகிறது. தாளம் தவறாமல் வரும் அத்துடிப்புகளை நிறமாகப் பிரித்தால், சம இடைவெளியில் அமைந்த நூற்றுக்கணக்கான கோடுகள் தெரியும். பார்வைக்குச் சீப்பின் பற்கள் போல் இருப்பதால் இதற்கு அதிர்வெண் சீப்பு என்று பெயர். இழைகளில் செல்லும் அகச்சிவப்பு ஒளி நொடிக்கு ஏறத்தாழ 193 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த மின்கருவியாலும் அதை நேராக எண்ண முடியாது. சீப்பின் பற்களுக்கு இடைப்பட்ட தூரத்தை எண்ணலாம். ஆகவே சீப்பு ஒளியை அளக்கும் அளவுகோல் ஆகிறது. பெரிய லேசர்களைக் கொண்டு முதலில் இக்கலையை வளர்த்த ஜான் ஹாலும் தியோடர் ஹான்ஷும் 2005-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மேசையளவு இருந்த கருவியை ரஸ்ஸலின் அலை விரல்நுனி அளவாக்கியது. 2017-இல் இத்தகைய சீப்பின் பற்களைத் தனித்தனி வழிகளாகக் கொண்டு, 179 வழிகளில் நொடிக்கு 50 டெராபிட்டுக்கு மேற்பட்ட செய்தியை 75 கிலோமீட்டர் தொலைவு அனுப்பினர்.

முடிவுரை

1995 ஜூலை 12-ஆம் நாள் அறிவியலார் பலர் யூனியன் கால்வாயில் கூடி, படகைக் கொண்டு அதே அலையை மீண்டும் எழுப்பினர். அங்குள்ள நீர்ப்பாலத்துக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினர். அவர் குதிரையில் சென்ற அந்தக் கரைப் பாதையின் அடியிலேயே இப்போது ஒளியிழைக் கம்பி செல்கிறது.

ரஸ்ஸல் குறைகளே இல்லாதவர் அல்லர். அவருடைய வண்டி வெடித்தது, தொழில் முடங்கியது, நண்பரோடு பிணக்கும் வந்தது. உலகம் வியந்த அவருடைய கப்பல் பழைய இரும்பாயிற்று. ஒருவருக்கும் பயன்படாது என்று தோன்றிய ஓர் அடி உயர நீர்மேடு மட்டும் நிலைத்தது. காரணம் என்ன? எல்லாரும் பார்க்கும் ஒன்றை அவர் நின்று பார்த்தார், பார்த்ததோடு விடாமல் பின்தொடர்ந்தார், அளந்தார், பெரியோர் ஐயுற்றபோதும் அளந்த உண்மையை மறைக்கவில்லை.

அன்புத் தோழியரே! ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனையின் விடை சில வேளைகளில் புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை. உடனே அதை அழித்துவிட்டுத் தோழியின் விடையை எழுதிக்கொள்ளும் ஆசை எவருக்கும் எழலாம். அப்போது யூனியன் கால்வாயையும் குதிரைமேல் சென்ற அந்த இளைஞரையும் நினைப்போம். மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்போம். அதே விடை வருமானால் துணிந்து அதையே எழுதுவோம்.